குழாய் வைத்த அலுமினிய அண்டா

கல்யாணச் சமையல்காரர், டீக்கடைக்காரர், அன்னதானக் கமிட்டியார் எனப் பலரும் நம் பாத்திரக் கடைகளில் குழாய் வைத்த அலுமினிய அண்டா கேட்கிறார்கள். கொதிக்கும் அண்டாவை இருவர் பிடித்துச் சாய்க்க வேண்டியதில்லை. குழாயைத் திறந்தால் போதும். வசதிதான். ஆனால் வேலை சரியில்லை என்றால் ஆபத்து.

சில ஆண்டுகளுக்கு முன் நான் விற்ற அண்டா ஒன்றில், பட்டறையில் பற்றவைத்த குழாய் பந்தி நேரத்தில் கழன்றுவிட்டது. சுக்குக் காபி கொட்டி, பரிமாற நின்ற பையனின் காலில் கொப்புளம். வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டேன். அண்டாவையும் மாற்றிக் கொடுத்தேன். அன்று முதல் இந்தச் சரக்கில் சில விதிகளை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அளவு. 40 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. உயரமும் உள்ள அண்டா விளிம்பு வரை 50 லிட்டர் கொள்ளும். பாலும் டீயும் பொங்குபவை. ஆகவே 35 லிட்டருக்குத்தான் உதவும் என்று சொல்லியே விற்கவேண்டும்.

அடுத்தது கனம். அலுமினியம் மெத்தென்ற உலோகம். மெல்லிய தகட்டில் துளை போட்டால், குழாயைத் திருகத் திருகச் சுவர் நெளிந்து கசியும். 3 மி.மீ. கனமுள்ள அண்டாவையே இதற்குக் கொடுக்கிறேன். எடை கூடும், விலையும் கூடும். காரணத்தைச் சொன்னால் வாங்குபவர் ஒப்புக்கொள்கிறார். பழைய எஞ்சின் கழிவுகளை உருக்கி வார்த்த சரக்கை வாங்கவே கூடாது. அதில் காரீயம் கலந்திருக்கலாம். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. அலுமினியத்துக்குரிய தர எண் ஐ.எஸ். 1660. கொள்முதலின்போது பார்த்து வாங்குங்கள்.

இனிக் குழாய். விலை மலிவென்று பித்தளைக் குழாய் வைப்பார்கள். கடைசலுக்கு எளிதாக இருக்கப் பித்தளையில் காரீயம் சேர்ப்பதுண்டு. மேலும் ஈரத்தில் பித்தளையும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கும். எவர்சில்வர் குழாயே நல்லது. அரை அங்குலக் குழாயின் மரைக்கு 21 மி.மீ. துளை வேண்டும். அடியின் வளைவை விட்டு, நேர்ச்சுவரில் துளைக்கவேண்டும். பிசிறை அரத்தால் தேய்த்து, சிலிக்கான் வளையமும் எவர்சில்வர் வாஷரும் வைத்து நட்டால் முடுக்கினால் போதும், பற்றவைக்க வேண்டாம். கழற்றிக் கழுவவும் வசதி. பிளாஸ்டிக் கைப்பிடியுள்ள குழாய் அடுப்பு அனலில் உருகிவிடும்.

கடையிலேயே தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் வைத்துக் கசிவு பார்த்த பிறகே பில் போடுங்கள். முதல் உபயோகத்துக்கு முன் வெறும் தண்ணீரைக் கால் மணி நேரம் கொதிக்கவிடச் சொல்லுங்கள். உள்ளே சற்றுக் கறுக்கும். அது குறையல்ல, உலோகத்தைக் காக்கும் படலம். சோடா போட்டுத் தேய்த்தால் படலமும் போகும், பாத்திரமும் அரிக்கும். சட்னி, சாம்பார் போன்ற புளிப்புப் பண்டங்களை அலுமினியத்தில் வைத்திருக்கக்கூடாது என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியும் கூறுகிறது. பாலுக்கும் வெந்நீருக்கும் வாங்குகிறாரா, ரசத்துக்கா என்று கேளுங்கள். ரசத்துக்கு என்றால் எவர்சில்வர் அண்டாவைக் காட்டுங்கள்.

இவ்வளவும் சொல்லப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை அன்று நான் ஒதுக்கியிருந்தால் ஒரு பையனின் கால் வெந்திருக்காது.