மாயாவிக்கு ஏன் வயதாகவில்லை?



போன வாரம் என் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "பாட்டி, நீங்க சின்ன வயசுல படிச்ச அதே இரும்புக்கை மாயாவியைத்தானே நானும் படிக்கிறேன்? உங்களுக்குத் தலை நரைச்சுப் போச்சு. அவருக்கு மட்டும் ஏன் வயசே ஆகலை?"

நல்ல கேள்விதானே? வாருங்கள், சேர்ந்து யோசிப்போம்.

இரும்புக்கை மாயாவி 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தோன்றியவர். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர் கதைதான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் அப்பா தறி நெய்வார். அண்ணன் அந்தப் புத்தகத்தைத் தறிக்குழி ஓரத்தில் ஒளித்து வைத்திருப்பான். அவன் இல்லாத நேரம் பார்த்து நான் எடுத்துப் படித்துவிடுவேன். அன்று மாயாவி எனக்குச் சித்தப்பா மாதிரி இருந்தார். இன்று பார்த்தால் என் மகன் வயதுதான் இருக்கும்!

என்றும் பதினாறு

வயதே ஆகாதவர் என்றதும் நமக்கு நினைவு வருபவர் யார்? மார்க்கண்டேயன்! சிவபெருமான் அருளால் எமனிடமிருந்து தப்பி, என்றும் பதினாறு வயது என்ற வரம் பெற்றவர். தொடர்கதைகளில் இப்படிப்பட்ட மார்க்கண்டேயர்கள் நிறைய உண்டு.

'டிங்கிள்' என்ற ஆங்கிலச் சிறுவர் இதழில் 1983 முதல் வரும் சுப்பாண்டி அவர்களில் ஒருவன். நிஜ மனிதனாக இருந்தால் இந்நேரம் தாத்தா ஆகியிருப்பான். பெல்ஜியம் நாட்டு ஓவியர் எர்ஜே 1929இல் உருவாக்கிய டின்டின், நிலா வரை போய் வந்தான். 1976இல் வந்த முழுமையான கடைசிப் புத்தகம் வரை 47 ஆண்டுகள் ஓடின. அந்தக் கடைசிப் புத்தகத்தில் அவன் கால்சட்டைதான் மாறியது, முகம் மாறவில்லை.

ஏன் இப்படி? ஒரு காரணம், நீங்கள்தான்! இன்று புதிதாகப் படிக்க வரும் எட்டு வயதுக் குழந்தைக்கும் கதை புரிய வேண்டும். பழைய இதழ்களை எல்லாம் தேடிப் படித்துவிட்டு வா என்று சொல்ல முடியுமா? இன்னொரு காரணமும் உண்டு. சுப்பாண்டி நேற்று செய்த தவறை நினைவில் வைத்துத் திருந்திவிட்டால், அப்புறம் அவன் சுப்பாண்டியே இல்லை. நமக்குச் சிரிப்பும் இல்லை.

கதையோடு வளர்ந்தவர்கள்

எல்லாக் கதாபாத்திரங்களும் அப்படி இல்லை. 1940களில் தேவன், ஆனந்த விகடனில் 'துப்பறியும் சாம்பு' கதைகளை எழுதினார். சாம்பு, வங்கிக் குமாஸ்தா. அசட்டுத்தனமாக எதையாவது செய்வார். அதிர்ஷ்டத்தால் திருடன் அகப்பட்டுக்கொள்வான். அந்தச் சாம்புவுக்கு வேம்புவோடு கல்யாணம் ஆகிறது. மகன் பிறக்கிறான். சிரிப்புக் கதையிலும் காலம் நகர்கிறது, பாருங்கள்!

ஹாரி பாட்டர் உங்களுக்குத் தெரிந்தவன்தான். 1997இல் வந்த முதல் புத்தகத்தில் அவனுக்கு 11 வயது. 2007இல் வந்த ஏழாவது புத்தகத்தில் 17 வயது. பத்து வயதில் முதல் புத்தகத்தைப் படித்த குழந்தை, கடைசிப் புத்தகம் வந்தபோது இருபது வயது ஆகியிருக்கும். வளர வளர ஹாரிக்குத் துணிச்சல் வந்தது, தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டான். ஆனால், அவனுக்கு மிகவும் பிரியமான தலைமை ஆசிரியர் டம்பிள்டோரையும் இழந்தான். வளர்ந்தால் அந்தத் துக்கமும் உண்டு. கதைக்கும் ஒருநாள் முடிவு வந்தே தீரும்.

எது நல்லது?

தறியில் துளையிட்ட அட்டைகளைக் கோத்து வைத்திருப்பார்கள். அந்த அட்டைகள் மாறாதவரை எத்தனை சேலை நெய்தாலும் அதே மயில், அதே அளவில் வரும். மயிலுக்கு வயதாகாது. நெய்த என் அப்பாவின் கைகளுக்குத்தான் வயதானது. மாறாத மயிலும் அழகுதான். ஆனால், அந்தக் கைகள் கற்ற வேலை மயிலுக்குத் தெரியாது, இல்லையா?

நான் ஆண்டுக்கணக்கில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். எந்த வருஷம் பார்த்தாலும் அந்த வகுப்புக்குப் பத்து வயதுதான்! ஒவ்வொரு ஏப்ரலிலும் பிள்ளைகள் போகும்போது, "இவர்கள் இப்படியே இருந்துவிடக் கூடாதா?" என்று தோன்றும். கண் கலங்கும். இன்று அவர்களே தங்கள் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் விழித்தவள், இன்று கணக்கு டீச்சர். அவள் பத்து வயதிலேயே நின்றிருந்தால் இந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்திருக்குமா?

அதனால் பேரனிடம் இப்படிச் சொன்னேன்: "சிரிக்க வைக்கிறவங்க அப்படியே இருக்கட்டும். கஷ்டப்பட்டுக் கத்துக்கிறவங்க வளரட்டும்."

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "மாயாவி வயசாகித் தடி ஊன்றி நடந்தா நான் படிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான்! நீங்கள் யார் கட்சி?

செய்து பாருங்கள்

உங்களுக்குப் பிடித்த ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து அவர் எங்கே இருப்பார், என்ன கற்றிருப்பார், யாரைப் பிரிந்திருப்பார்? ஒரு பக்கம் எழுதி, வீட்டில் படித்துக் காட்டுங்கள். பக்கத்திலேயே, பத்து வருஷம் கழித்து நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்றும் எழுதுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். பிரித்துப் பார்க்கும் நாள் ஒன்று வரும்!