நாய்க்குட்டியைப் புழுக்களிலிருந்து காத்தல்

வயலிற் காட்டுப்பன்றியும், தோட்டத்தில் முள்ளம்பன்றியும் குரங்கும் புகாவண்ணம் காக்கும் நாய், கமக்காரரின் சம்பளமில்லாக் காவலாளியாகும். அவ்வாறு வளரவேண்டிய குட்டிகளுட் பல, பிறந்து இரண்டு மாதம் நிறையுமுன்னரே வயிறு ஊதி, மயிர் மங்கி, மெலிந்து மடிகின்றன. தாய்ப்பால் போதாமையே இதற்குக் காரணமெனச் சிலர் கருதுவர்; இனிப்புத் தின்றதனாற் பூச்சி உண்டாயிற்றென வேறு சிலர் கூறுவர். பல வேளைகளில் உண்மைக் காரணம், குட்டி மண்ணில் நடக்கத் தொடங்குமுன்னரே அதன் உடலிற் புகுந்துவிட்ட புழுக்களேயாம்.

புழு வரும் வழி

வட்டப்புழுவின் குடம்பிகள் தாய் நாயின் தசைகளில் உறங்கிக் கிடப்பன. தாய் கருவுற்றதும் அவை விழித்தெழுந்து, கருப்பையிலுள்ள குட்டிகளைச் சென்றடைகின்றன; பின்னர் பால் வழியாகவும் செல்கின்றன. ஆகவே, தாய் நாய் நலமாய்த் தோன்றினும் அதன் குட்டிகள் புழுவுடனேயே பிறத்தல் கூடும். கொழுக்கிப்புழுவும் பால் வழியாகக் குட்டியை அடைவதுண்டு. ஈரமண்ணிலிருந்து தோலைத் துளைத்தும் அது உட்புகும். குடற் சுவரைக் கௌவி இரத்தம் உறிஞ்சுவதால் இதுவே குட்டிக்குப் பெருங் கேடு விளைப்பது. முரசு வெளிறிய குட்டியையும், கரிய நிறத்தில் மலங் கழிக்கும் குட்டியையும் தாமதமின்றி மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.

மலவாயிலருகே சோற்றுப் பருக்கை போன்ற துண்டுகள் காணப்படின், அவை நாடாப்புழுவின் பகுதிகளாகும். இப்புழு தெள்ளு மூலம் பரவுவது. ஆதலின் தெள்ளையும் ஒழித்தாலன்றி மருந்தினால் நிலையான பயனில்லை.

மருந்து கொடுக்கும் காலம்

நோய்க்குறி தோன்றும்வரை காத்திருத்தலாகாது. குட்டி பிறந்த நாளை நாட்காட்டியிற் குறித்து வைத்து, 2, 4, 6, 8 ஆம் வாரங்களிற் புழுமருந்து கொடுத்தல் வேண்டும். அதன்பின் ஆறு மாதம் நிறையும்வரை மாதம் ஒருமுறையும், பின்னர் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் கொடுத்தல் நன்று. குட்டிகளுக்கு மருந்து கொடுக்கும் நாட்களில் தாய் நாய்க்கும் கொடுத்தல் வேண்டும்.

ஒருமுறை கொடுத்தபின் மலத்திற் புழுக்கள் விழக் கண்டு, வேலை முடிந்ததென எண்ணலாகாது. மருந்து குடலிலுள்ள புழுக்களையே கொல்லும். உடலின் பிற பாகங்களிலுள்ள குடம்பிகள் பின்னரே குடலை வந்தடையும். இதனாலேயே இரு வாரத்திற்கு ஒருமுறை மருந்து கொடுக்க வேண்டியுள்ளது.

மருந்தின் அளவு குட்டியின் நிறையைப் பொறுத்தது. குட்டியைப் பையிலிட்டுத் தராசில் நிறுத்து, அந்நிறையை மிருக வைத்தியரிடம் கூறி, பைரன்டெல் அல்லது பென்பென்டசோல் போன்ற தகுந்த மருந்தைப் பெறுக. மாட்டுக்கும் ஆட்டுக்கும் வாங்கிய மருந்தில் எஞ்சியதை நாய்க்குட்டிக்கு ஊட்டுதல் ஆபத்தானது.

தோட்டத்தையும் பிள்ளைகளையும் காத்தல்

குட்டியின் மலத்துடன் வெளிவரும் வட்டப்புழு முட்டைகள் உடனே நோய் விளைப்பனவல்ல. வெப்பமான ஈரமண்ணில் அவை முதிர்வதற்கு ஏறக்குறைய இரண்டு வாரங்கள் செல்லும். முதிர்ந்த பின்னரோ ஆண்டுக்கணக்கில் மண்ணிற் கிடக்கும். மண்ணளைந்த கையை வாயில் வைக்கும் பிள்ளையின் உடலில் அவை புகுமாயின், குடம்பிகள் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் செல்லும். கண்ணை அடைந்து பார்வையைக் கெடுத்தலும் உண்டு. கொழுக்கிப்புழுவின் குடம்பிகளோ ஒரு வாரத்துள் முதிர்ந்து, வெறுங்காலுடன் பாத்தியில் நிற்போரின் தோலிற் புகுந்து கடியை உண்டாக்கும். நாயிடமிருந்து மனிதர் குடலிற் குடியேறும் ஒரு கொழுக்கிப்புழு வகைக்கு, 1911 இல் 'சிலோன்' எனும் நம் நாட்டின் பழைய பெயரையொட்டியே பெயர் சூட்டப்பட்டது.

ஆதலின் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. நாயின் மலத்தை நாள்தோறும் மண்வெட்டியால் அள்ளி, கிணற்றுக்கும் பாத்திகளுக்கும் தொலைவில் ஆழமாகப் புதைத்தல். அதனைக் கூட்டெருக் குழியில் இடலாகாது.

2. குட்டி படுக்கும் இடத்தை வெயில் படும் உலர்ந்த தரையில் அமைத்தல். சாக்கை அடிக்கடி மாற்றுதல். சீமெந்துத் தரையாயின், குட்டிகளை அகற்றியபின் கொதிநீர் ஊற்றிக் கழுவுதல்.

3. வல்லாரை போன்று பச்சையாக உண்ணும் இலைகளின் பாத்திகளில் நாய் புகாவண்ணம் வேலியிடுதல். இலைகளை நன்கு கழுவி உண்ணுதல்.

4. குட்டியுடன் விளையாடிய பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே உணவு உண்ணுதல்.

5. தோட்ட வேலையின்போது பாதணி அணிதல்.

குட்டிக்கு உரிய நாளிற் கொடுக்கும் மருந்து அதன் உயிரைக் காப்பதோடு, அவ்வளவில் விளையாடும் பிள்ளையின் கண்ணையும் காக்கும். குட்டி பிறந்த அன்றே நாட்காட்டியில் அந்நாட்களைக் குறித்து வைத்தல் கமக்காரரின் கடமையாகும்.