நிற்கும் கால்களுக்கு ஓர் ஆசனம்

தீபாவளிக்கு முந்திய ஒரு மாலைப்பொழுதில், சென்னையில் பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள வீதிகளிலோ ரங்கநாதன் தெருவிலோ ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்து, நமக்காகப் புடவைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துக் காட்டும் பெண்ணின் முகத்தைக் காண்கிற நாம், மேஜைக்குப் பின்னே மறைந்திருக்கும் அவருடைய கால்களைக் காண்பதில்லை. கடை திறந்தது முதல் கதவடைக்கும் வரை அந்தக் கால்கள் நின்றுகொண்டே இருப்பதை வேலையின் இயல்பென்று எண்ணிப் பழகிவிட்டோம்.

கால்களுக்கு இறங்கிய ரத்தம் இருதயத்துக்கு மீண்டும் ஏறுவதற்குக் கெண்டைக்கால் சதைகள் சுருங்கி விரிவதே பெருந்துணை. நடக்கும்போது பம்பைப்போல் இயங்கும் அச்சதைகள், ஓரிடத்திலேயே மணிக்கணக்காக நிற்கும்போது ஓய்ந்துபோக, ரத்தம் தேங்கி, நாளங்களிலுள்ள வால்வுகள் வலுவிழந்து, நரம்பு சுருட்டிக்கொண்டதென்று வழக்கில் சொல்லும் வெரிகோஸ் உபாதை உண்டாகக்கூடும். பாத வீக்கமும் குதிகால் வலியும் இடுப்பு நோவும் அதற்கு முன்னரே வந்துவிடுகின்றன.

இதற்குப் பரிகாரமாக, கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் நெடுநாள் போராடி 2018இல் சட்டத் திருத்தம் பெற்றதைத் தொடர்ந்து, தமிழ்நாடும் 2021இல் தன் 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்க்கும் தக்க இருக்கை இருக்கவேண்டும். வேலைக்கிடையே வாய்க்கும் அவகாசத்தில் அவர்கள் அமர இயலவேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே, கிடங்கின் மூலையில் பெயருக்குப் போடப்பட்ட ஸ்டூல், என் அபிப்பிராயத்தில், சட்டம் கேட்கும் இருக்கை அன்று. தொழிற்சாலைகளுக்கோ இது புதிதன்று. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று உழைப்போருக்கு இருக்கை அமைக்கச் சொன்னதோடு, அமர்ந்தபடியே திறம்படச் செய்யக்கூடிய வேலையென்று தலைமை ஆய்வாளர் கருதினால் அதற்கேற்ற இருக்கைகளுக்கு உத்தரவிடலாமென்றும் விதித்தது. 2020ஆம் வருஷத்துத் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் நிற்போருக்கான இருக்கை இடம்பெற்றிருக்கிறது.

உட்கார்ந்தால் சோம்பல், வாடிக்கையாளருக்கு அவமரியாதை என்று முதலாளிகள் சிலர் சொல்லக்கூடும். வெள்ளை விரிப்பிட்ட மெத்தையில் விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே அமர்ந்து பட்டுப் பார்த்த பழைய கடைகளை அறிந்தவர்களுக்கு, இந்த நிற்கும் மரியாதை நம் வழக்கமே அன்று என்பது விளங்கும். வியாபார நோக்கில் பார்த்தாலும், அடிக்கடி எடுக்கும் சரக்கை முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட அலமாரித் தட்டில் வைத்து, மடிக்கும் மேஜையை முழங்கை உயரத்துக்கு அமைத்து, மடிப்பவருக்கு உயர்ந்த ஸ்டூல் ஒன்றைக் கொடுத்தால், வீணாகக் குனிந்து நிமிரும் சிரமம் குறைந்து கையும் ஓடும், கவனமும் சிதறாது.

நான்கு மணி நேர வேலைக்குப்பின் ஒரு மணி இடைவேளை, நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்புகளும் அந்த 1947ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே உள்ளன. இருக்கை மறுக்கப்பட்டால், தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் செய்யலாம், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தையும் அணுகலாம். தனியே எழுத அஞ்சுவோர் பலராகச் சேர்ந்து கையெழுத்திடுவது நலம். எந்த நாளில், எந்தத் தளத்தில், எத்தனை மணி நின்றோம் என்ற குறிப்பும், மருத்துவச் சீட்டும், சம்பள ரசீதும் கையிலிருக்கட்டும்.

வேலை போய்விடுமோ என்ற பயமே பலருடைய வாயைக் கட்டிவிடுகிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தராமலும் நீக்கலாகாதென்று அச்சட்டத்தின் 41ஆம் பிரிவு தடுக்கிறது. மீறி நீக்கினால் மேல்முறையீட்டுக்கும் அதிலேயே வழியுண்டு. ஆனால் அதற்குக் காலக்கெடு இருப்பதால், நீக்கிய கடிதம் கைக்கு வந்த உடனே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்விடவேண்டும்.