லேப்டாப்பில் சத்தம் வரவில்லையா? போர்டை மாற்றும் முன் படியுங்கள்



பருப்பு மண்டி நடத்தும் நண்பர் ஒருவர் கவலையோடு நம்மிடம் வந்தார். அவருடைய லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து, பழைய விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டு வாங்கியிருக்கிறார். வேகம் கூடிவிட்டது. பில் போடுவதிலும் குறை இல்லை. ஆனால் சத்தம் மட்டும் அறவே வரவில்லை. சில்லறைக் கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பும் ஆர்டர்களை அவருடைய குமாஸ்தா அந்த லேப்டாப்பில்தான் கேட்டுச் சிட்டை எழுதுவார். வாட்ஸ்அப் உள்ள போனோ கொள்முதலுக்கு வெளியூர் செல்லும் முதலாளியின் பையில் இருக்கும். இதனால் இரண்டு நாள் ஆர்டர்கள் தேங்கிவிட்டன. மீண்டும் அதே கடையில் காட்டியதற்கு, "சவுண்ட் கார்டு போய்விட்டது, மதர்போர்டை மாற்ற வேண்டும்" என்று சொல்லி, புது லேப்டாப் விலையில் ஏறக்குறைய பாதியைக் கேட்டிருக்கிறார்கள்.

உட்கார்ந்து பார்த்ததில் அரை மணி நேரத்தில் சத்தம் வந்துவிட்டது. ஒரு பைசா செலவில்லை. விண்டோஸ் போடும் வரை நன்றாகப் பேசிய லேப்டாப், போட்டவுடன் ஊமையாகிவிட்டால், பெரும்பாலும் எந்த உறுப்பும் கெட்டிருக்காது. டிரைவர் என்ற சிறு மென்பொருள் விடுபட்டிருக்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதனால் விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போட்டுக்கொள்ளும் கடைகள் பல. நமது உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

டிரைவர் என்பது என்ன?

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை வெளியிட்ட காலத்தில், கம்ப்யூட்டரில் நல்ல ஒலி வேண்டுமானால் தனியாக ஒரு கார்டு வாங்கிச் செருக வேண்டும். இன்றைய லேப்டாப்பில் அப்படித் தனிக் கார்டு கிடையாது. மதர்போர்டிலேயே பதித்த ஒரு சிறிய சிப்தான் ஒலியைத் தருகிறது. பல லேப்டாப்களில் இது ரியல்டெக் நிறுவனத்தின் சிப்பாக இருக்கும். "சவுண்ட் கார்டு போய்விட்டது" என்றால் உடனே மதர்போர்டு விலை பேசப்படுவதற்கு இதுவே காரணம்.

விற்பவர் மொழி வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் தரகர் இல்லாமல் வியாபாரம் நடக்காது அல்லவா? விண்டோஸுக்கும் ஒலிச் சிப்புக்கும் நடுவே நிற்கும் தரகர்தான் டிரைவர். சிப் ஒன்றாகவே இருந்தாலும், ஸ்பீக்கரை எங்கே இணைப்பது, மைக்கை எங்கே இணைப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே அந்தந்த மாடலுக்கு உரிய டிரைவர் வேண்டும்.

புது லேப்டாப் வாங்கும்போது கம்பெனியே இவற்றைப் போட்டு அனுப்புகிறது. டிஸ்க்கை முழுவதும் அழித்து விண்டோஸ் போடும்போது அவையும் அழிந்துவிடுகின்றன. விண்டோஸிடம் பொதுவான ஒலி டிரைவர் ஒன்று உண்டு. பல மாடல்களுக்கு அது போதும், சிலவற்றுக்குப் போதாது. இன்டெல் பிராசசர் உள்ள புதிய லேப்டாப்கள் பலவற்றில் ஒலி, "ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி" என்ற பகுதி வழியாகச் செல்கிறது. அதன் டிரைவர் இல்லாவிட்டால் ஒலிச் சிப் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாமல் போகலாம்.

முதலில் பார்க்க வேண்டியவை

1. திரையின் வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கும். அதில் பெருக்கல் குறி இருக்கிறதா, ஒலி அளவு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டில் ஒலியை நிறுத்தும் பட்டனில் விளக்கு எரிகிறதா என்றும் கவனியுங்கள்.

2. அந்தப் படத்தைத் தட்டினால் ஒலி அளவுக் கோட்டின் அருகே ஒரு சிறு குறி தெரியும். அதைத் தட்டினால் ஒலி எதன் வழியாகப் போகிறது என்ற பட்டியல் வரும். கடையில் டி.வி. அல்லது பெரிய மானிட்டரை இணைத்திருந்தால், ஒலி அங்கே போய்க்கொண்டிருக்கலாம். பட்டியலில் லேப்டாப்பின் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

3. "ஷட் டவுன்" செய்து மீண்டும் போடுவதைவிட "ரீஸ்டார்ட்" கொடுங்கள். ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, மறுபடியும் அதையே எடுத்துக்கொள்வது உண்டு. ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

டிவைஸ் மேனேஜர் சொல்லும் சேதி

இவற்றால் பயன் இல்லையெனில், ஸ்டார்ட் பட்டனின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி "டிவைஸ் மேனேஜர்" என்பதைத் திறக்கவும். லேப்டாப்பின் உறுப்புகள் எல்லாம் இருப்புப் பட்டியல் போல் வரிசையாக வரும். அதில் "சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்" என்ற தலைப்பைப் பாருங்கள்.

"அதர் டிவைசஸ்" என்ற தலைப்பின் கீழ் "மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்" என்று மஞ்சள் முக்கோணத்தோடு இருந்தால், டிரைவர் இல்லை என்று பொருள். அதன் மேல் இருமுறை தட்டினால் "கோடு 28" என்று காட்டும். டிரைவர் போடப்படவில்லை என்பதற்கான எண் அது.

கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அந்த உறுப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இதன் எண் "கோடு 22". வலது பட்டனை அழுத்தி "எனேபிள்" கொடுத்தால் போதும்.

ஒலித் தலைப்பில் "இன்டெல் டிஸ்பிளே ஆடியோ" மட்டும் இருந்தால் ஏமாற வேண்டாம். அது டி.வி., மானிட்டர் ஆகியவற்றுக்கு ஒலி அனுப்புவதற்கு உரியது. லேப்டாப்பின் ஸ்பீக்கருக்கு உரிய டிரைவர் இன்னும் வரவில்லை.

ஒலிச் சிப்பின் டிரைவர் எந்தக் குறியும் இல்லாமல் சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால், ஸ்டார்ட்டில் "சர்வீசஸ்" என்று தேடித் திறந்து, "விண்டோஸ் ஆடியோ", "விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்" ஆகிய இரண்டும் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒலிச் சிப் பட்டியலிலேயே இல்லையென்றால், பயாஸ் அமைப்பில் ஆடியோ நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று சர்வீஸ்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிரைவரை எங்கே பெறுவது?

முதலில் "செட்டிங்ஸ்" சென்று "விண்டோஸ் அப்டேட்", "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", "ஆப்ஷனல் அப்டேட்ஸ்" என்று வரிசையாகத் திறந்தால், விடுபட்ட டிரைவர்கள் அங்கே காத்திருக்கக் கூடும். புது விண்டோஸில் வை-ஃபை டிரைவரும் விடுபட்டிருந்தால், செல்போனை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து, போனில் "யு.எஸ்.பி. டெதரிங்" வசதியைப் போட்டு இன்டர்நெட் பெறலாம்.

அங்கே இல்லையென்றால் லேப்டாப் தயாரித்த கம்பெனியின் இணையதளத்துக்குச் செல்ல வேண்டும். லேப்டாப்பின் அடிப்பாகத்தில் ஒட்டியுள்ள சீட்டில் சீரியல் எண் இருக்கும். டெல் நிறுவனம் இதைச் சர்வீஸ் டேக் என்கிறது. அந்த எண்ணைக் கொடுத்தால் அந்த மாடலுக்கு உரிய டிரைவர்கள் வரும். முதலில் சிப்செட் டிரைவர், அடுத்து இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் இருந்தால் அது, கடைசியாக ஆடியோ டிரைவர் என்று போட்டுவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். பழைய மாடலுக்கு விண்டோஸ் 11 டிரைவர் இல்லையென்றால், விண்டோஸ் 10 டிரைவரே பெரும்பாலும் வேலை செய்யும்.

டிஸ்க்கை அழிக்காமல் பழைய விண்டோஸின் மேலேயே புதியதைப் போட்டிருந்தால், பழையது "விண்டோஸ் டாட் ஓல்டு" என்ற ஃபோல்டரில் இருக்கும். பழைய டிரைவரை அதிலிருந்தே எடுக்கலாம். ஆனால் அந்த ஃபோல்டரை விண்டோஸ் 10 நாட்களில் தானே நீக்கிவிடும். தாமதிக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. "எல்லா டிரைவர்களையும் இலவசமாகப் போட்டுத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் முகம் தெரியாத தளங்களை நம்ப வேண்டாம். டிரைவர் என்பது கம்ப்யூட்டரின் அடி ஆழம் வரை செல்லும் மென்பொருள். அதன் பெயரில் வைரஸ் நுழைந்தால், பாதிக்கப்படுவது உங்கள் கணக்கும் வங்கி விவரங்களும்தான்.

உண்மையிலேயே பழுதா?

செலவுக்குச் சம்மதிக்கும் முன் இச்சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். டெல் லேப்டாப்பில் போட்டவுடன் எஃப் 12, எச்.பி. லேப்டாப்பில் எஃப் 2 பட்டனை அழுத்தினால், விண்டோஸுக்கு வெளியிலேயே உறுப்புகளைச் சோதிக்கும் வசதி உண்டு. மற்றொரு வழி, உபுண்டு என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பென் டிரைவில் இட்டு, டிஸ்க்கில் எதையும் போடாமல் ஓட்டிப் பார்ப்பது. அதில் சத்தம் வந்தால் சிப்பும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன என்பது உறுதி. வராவிட்டால் மட்டும் பழுது என்று முடிவு கட்ட முடியாது; மிகப் புதிய மாடல்களுக்கு உபுண்டுவிலும் டிரைவர் இல்லாதிருக்கலாம்.

விண்டோஸ் போடும்போதே எஸ்.எஸ்.டி. மாற்றுவதற்காக லேப்டாப்பைப் பிரித்திருந்தால், ஸ்பீக்கர் ஒயர் சரியாகச் செருகப்படாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஹெட்போனில் சத்தம் வந்து ஸ்பீக்கரில் மட்டும் வரவில்லையென்றால் இதைக் கேளுங்கள்.

சிப் உண்மையிலேயே கெட்டிருந்தாலும் உடனே போர்டு மாற்ற வேண்டியதில்லை. யு.எஸ்.பி. ஹெட்செட்டில் ஒலிச் சிப் தனியாக உள்ளே இருக்கிறது. அதைச் செருகினால் பொதுவாகத் தனி டிரைவர் போடாமலே வேலை செய்யும். கடை வேலைக்கு அது போதுமானது.

விண்டோஸ் போடக் கொடுக்கும் முன்

1. பில், கணக்கு, இருப்பு விவரங்களைப் பென் டிரைவில் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளவும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். சத்தம் போனால் திரும்ப வரும். அழிந்த கணக்கு வராது.

2. மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் டைரியில் எழுதி வைக்கவும்.

3. இப்போது உள்ள டிரைவர்களை நகல் எடுத்து வைக்கச் சொல்லவும். இதற்கான கட்டளை விண்டோஸிலேயே உண்டு.

4. திரும்ப வாங்கும்போது ஸ்பீக்கர், மைக், கேமரா, வை-ஃபை, பிரிண்டர் ஆகிய ஐந்தையும் சர்வீஸ்காரர் எதிரிலேயே ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுக்கவும்.

நமது பருப்பு மண்டி நண்பரின் லேப்டாப்பில் இருந்தது மஞ்சள் முக்கோணமும் கோடு 28-ம்தான். ஸ்மார்ட் சவுண்ட் டிரைவரையும் ஆடியோ டிரைவரையும் கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்துப் போட்டவுடன், தேங்கியிருந்த ஆர்டர்கள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. குமாஸ்தா அன்று மாலையே சிட்டை எழுதி முடித்தார். மூட்டையில் குத்தூசி போட்டு நாலு மணியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நாம் சரக்குக்கு விலை பேசுவதில்லை. லேப்டாப் பழுதுக்கும் அப்படியே பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.