பழங்காசுகள் – 9: தேய்மானமும் துலக்கலும்

சென்ற வாரம் வெள்ளி ரூபாயின் நிறையையும் மாற்றையும் பார்த்தோம். கம்பெனியார் 1835-ல் தங்கள் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் பொதுவாக ஏற்படுத்திய ரூபாய் 180 கிரெயின் நிறையுடையது, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்பதும், 1940-ல் அந்த வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டதென்பதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தராசு சொல்லக்கூடியது அவ்வளவுதான். ஒரே நிறையும் ஒரே மாற்றும் ஒரே ஆண்டும் உடைய இரண்டு ரூபாய்களில் ஒன்று வெள்ளி விலைக்கும் மற்றொன்று அதைப் போல் பல மடங்கு விலைக்கும் போவதற்குக் காரணம், காசின் தரம் என்று வியாபாரிகள் குறிப்பிடும் விஷயம்.

தரத்தில் முதலாவது தேய்மானம். அச்சில் எந்த இடம் மிக மேடாக விழுந்திருக்கிறதோ அந்த இடமே கைபட்டுப் பைபட்டு முதலில் மழுங்கும் ஆகையால், காசை முழுவதும் ஒரே பார்வையில் அளக்க முயலாமல் மேடான ஸ்தானங்களை முதலில் நாடவேண்டும். முடி தரித்த விக்டோரியா ரூபாயில் அவை கன்னம், காதுக்கு மேலுள்ள கூந்தல், மார்பு உடையின் பூவேலை. பின்புறத்திலோ, சுற்றிலும் ஓடும் கொடியின் மலர் நடுக்கள். முடியின்றி வெறுந்தலையோடு காணப்படும் ஏழாம் எட்வர்டு ரூபாயில் காதையும் அதன் மேலுள்ள தலைமயிரையும் பார்த்தால் போதும்.

ஐந்தாம் ஜார்ஜ் காசில் இதற்கென்றே அமைந்தாற்போல் ஓர் அடையாளம் இருக்கிறது. மன்னர் அணிந்த அங்கியின் மேல் விருதுச் சங்கிலியில் ஒரு சிறு யானை உண்டு. 1911-ல் வெளிவந்த ரூபாயில் அந்த யானையின் துதிக்கை குட்டையாக அமைந்துவிட, அது பன்றி என்று ஜனங்கள் ஆட்சேபித்தார்கள். சர்க்கார் வெளியிடாமலிருந்த காசுகளை உருக்கிவிட்டு, மறு ஆண்டு முதல் துதிக்கையைத் திருத்தி அச்சிட்டார்கள். ‘பன்றி ரூபாய்’ என்று இன்றும் தேடப்படும் அந்தக் காசிலும், அதற்குப் பின் வந்தவற்றிலும், பூதக்கண்ணாடியின் கீழ் துதிக்கையும் காதும் தனித்தனியே தெரிந்தால் அது நல்ல தரம். யானை ஒரு மேடாக மட்டும் எஞ்சியிருந்தால் காசு நெடுநாள் கடைவீதியில் உழன்றதென்று கொள்ளலாம்.

ஆனால் மழுங்கியதெல்லாம் தேய்ந்ததல்ல. அச்சு சரியாக அழுந்தாத காசிலும் கூந்தல் காணாமற் போகும். இவ்விரண்டையும் பிரித்தறியக் காசைத் தீபத்தின் கீழ் மெதுவாகச் சாய்த்துப் பார்க்கவேண்டும். அச்சின் அழுத்தத்தில் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடியதால் உண்டான நுண்ணிய ரேகைகள் ஒளியைச் சக்கரம்போல் சுழற்றிக் காட்டும். வியாபாரிகள் ‘லஸ்டர்’ என்பது இதைத்தான். மழுங்கிய இடத்திலும் அந்த மினுக்கு நிற்குமாயின் குறை அச்சினுடையது. அங்கே மட்டும் வெள்ளி சாம்பல் பூத்துத் தட்டையாகக் கிடந்தால் குறை தேய்மானத்தினுடையது.

இந்த ரேகைகளுக்குப் பெரிய சத்துரு புழக்கம் அல்ல, சுத்தம். குத்துவிளக்கைத் துலக்குகிற புளியையும் வெள்ளிப் பாத்திரத்தைத் துடைக்கிற விபூதியையும் கொண்டு பூஜை அறைக் காசையும் பளபளவென்று தேய்த்து வைக்கும் வீடுகள் நம்மிடையே அநேகம். கண்ணுக்கு அது புதிதுபோல் தோன்றும். கண்ணாடியில் பார்த்தாலோ ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் நூற்றுக்கணக்கில் தெரியும், மேற்சொன்ன சக்கரவொளி சுழலவே சுழலாது. காற்றிலுள்ள கந்தகத்தால் வெள்ளியின்மேல் மெல்லப் படரும் மஞ்சளும் செம்மையும் நீலமும், காலம் செல்லச் செல்ல வரும் கருமையும், அழுக்கென்று கருதப்படுவதே இந்த விபரீதத்துக்குக் காரணம். கறுத்துப் பாதி தேய்ந்த ஒரு விக்டோரியா ரூபாயையும், தேய்மானமின்றித் துலக்கி வைத்த இன்னொன்றையும் என் முன் வைத்தால், நான் முந்தியதையே எடுப்பேன். விலைப்பட்டியலும் பல சமயங்களில் என் பக்கமே நிற்கிறது.

‘ஃபைன்’, ‘வெரி ஃபைன்’, ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’, ‘அன்சர்குலேட்டட்’ என்ற இங்கிலீஷ் படிகளோடு இப்போது எண்களும் வழங்குகின்றன. 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக ஒன்று முதல் எழுபது வரை வகுத்த அளவு அது. மிகத் தாழ்ந்த நிலையிலுள்ள காசின் விலையைப் போல் எழுபது மடங்கு பெறும் காசுக்கு எழுபது என்று, விலையை வைத்து எழுந்த கணக்கு. செம்புக்கு ஏற்பட்ட அந்தக் கணக்கு பிற்பாடு வெள்ளிக்கும் தங்கத்துக்கும் பொதுவாயிற்று; 1986 முதல் தர நிர்ணய நிறுவனங்கள் அதன்படி எண்ணிட்டு, காசைப் பிளாஸ்டிக் பேழையில் முத்திரையிட்டுத் தருகின்றன. அறுபத்து மூன்றுக்கும் அறுபத்து நான்குக்கும் உள்ள பேதத்தை வெறுங்கண்ணால் கண்டேன் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

கடைசியாக விளிம்பு. நம் பக்கத்து ரூபாய்களில் கணிசமானவை காசுமாலையில் கோக்கப்பட்டவை; வளையத்தைப் பிடுங்கிவிட்டு விற்பதும் சகஜம். மன்னர் தலைக்கு நேர்மேலே உள்ள விளிம்பின் வரிவெட்டு ஓரிடத்தில் மட்டும் தேய்ந்தோ, பற்றவைத்த நிறம் மாறியோ இருந்தால், முகம் எவ்வளவு தெளிவாயிருப்பினும் அக்காசை மேற்படி தரங்களில் சேர்க்காமல், வளையமிட்டது என்று தனியே குறித்து, வெள்ளி விலைக்குச் சற்று மேலே மட்டும் கொடுப்பது முறை.