பழைய லாரிக்குப் புது டீசல் ஒத்துவருமா? நிறம், கலப்படம், 'ஆடிட்டிவ்' பாட்டில்... எது உண்மை?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி வைத்திருக்கும் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. "அப்ப வந்த டீசல்ல சத்து இருந்துச்சு, இப்ப வர்றது வெறும் தண்ணி" என்பார் பெரியப்பா. "டேங்க் ஃபுல் பண்ணும்போது கொஞ்சம் டூ-டி ஆயில் ஊத்திக்கங்கண்ணே, பம்பு நல்லா இருக்கும்" என்பார் மெக்கானிக். இதற்கு நடுவில் யூடியூப் விளம்பரம் ஒன்று வரும்: ஒரு பாட்டில் ஊற்றினால் மைலேஜ் எகிறும் என்று.

இதில் யார் சொல்வது சரி? ஒரு சின்னக் கணக்கு போட்டால் கேள்வியின் கனம் புரியும். 2,400 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் 600 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே 54,000 ரூபாய். ஒரே ஒரு டிரிப்புக்கு, அதுவும் போக மட்டும். ஒற்றை லாரியை வைத்து ஓட்டுபவருக்கு இதில் 5 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் அந்த மாத டியூ கட்டுவதில் தெரிந்துவிடும்.

10,000-ல் இருந்து 10-க்கு

முதலில் பெரியப்பா சொல்வதைப் பார்ப்போம். டீசல் மாறியிருப்பது உண்மைதான். மாறியது முக்கியமாக ஒரு பொருள்: சல்ஃபர், அதாவது கந்தகம்.

1990-களின் நடுப்பகுதி வரை இந்திய டீசலில் 1 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற பி.பி.எம். கணக்கில் சொன்னால் 10,000. பி.எஸ்-2 டீசலில் அது 500 ஆனது. பி.எஸ்-3-ல் 350, பி.எஸ்-4-ல் 50. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்-6 எரிபொருள்தான், அதில் உச்சவரம்பு வெறும் 10.

ஆக, உங்கள் லாரியின் ஆர்.சி.யில் பி.எஸ்-2, பி.எஸ்-3 என்று என்ன இருந்தாலும் பங்கில் விழுவது பி.எஸ்-6 டீசல் மட்டுமே. 'பழைய வண்டிக்குப் பழைய டீசல்' என்று தனியாக எதுவும் இல்லை. அப்படி யாராவது விற்றால், கட்டுரையின் கலப்படப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்!

சரி, கந்தகம் போனால் சத்து போய்விடுமா? கந்தகம் ஒரு சத்தே கிடையாது. எரிந்தால் அமிலமாகி இன்ஜின் ஆயிலைக் கெடுக்கும், புகையோடு கலந்து நம் நுரையீரலுக்கு வரும். அது குறைந்தது பழைய இன்ஜினுக்கும் நல்லதுதான். ஆனால் கந்தகத்தை நீக்க ரிஃபைனரியில் ஹைட்ரஜனைச் செலுத்திச் சுத்திகரிக்கிறார்கள். அந்த வேலையில் டீசலின் அடர்த்தி லேசாகக் குறையும். லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றலும் ஒரு சதவீதம் அளவுக்குக் குறையலாம். பெரியப்பா சொன்னதில் அந்த ஒரு சதவீதம் உண்மை இருக்கிறது.

பம்பு தேயுமா?

மெக்கானிக்கின் கவலை இதைவிட நியாயமானது. அதே சுத்திகரிப்பில், டீசலுக்கு இயல்பாக இருந்த வழவழப்புத் தன்மையும் சேர்ந்து போய்விடுகிறது. டீசல் வண்டியில் எரிபொருளுக்கு இரண்டு வேலை. ஒன்று எரிவது. இன்னொன்று, பம்பிலும் நாசிலிலும் மயிரிழை இடைவெளியில் உரசி ஓடும் இரும்புக்கு ஆயில் மாதிரி இருப்பது.

இது ரிஃபைனரிகளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. அதனால்தான் வழவழப்பைக் கூட்டும் ஆடிட்டிவை டீசல் பங்குக்கு வருவதற்கு முன்பே சேர்க்கிறார்கள். இந்தியத் தர விதிப்படி ஒரு சோதனை உண்டு. டீசலில் மூழ்கிய சின்ன இரும்புக் குண்டை ஒரு தகட்டின் மேல் தேய்ப்பார்கள். குண்டில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. அரை மில்லிமீட்டருக்கும் கீழே. ஒழுங்கான பங்கில் வாங்கும் டீசல் இந்தச் சோதனையில் தேறியதுதான்.

இங்கே இன்னொரு சுவாரஸ்யம். பழைய லாரிகள் பலவற்றில் இருப்பது இன்லைன் பம்பு. நம்ம ஊர்ப் பட்டறைகளில் இன்னமும் 'மைகோ பம்பு' என்றுதான் பெயர். கம்பெனி பெயர் 2008-லேயே பாஷ் என்று மாறிவிட்டது, பட்டறைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இந்தப் பம்பின் கேம் ஷாஃப்ட் பகுதிக்கு வழவழப்பு தருவது இன்ஜின் ஆயில். டீசலை நம்பியிருப்பது உள்ளே இருக்கும் பிளஞ்சரும் பாரலும்தான். ரோட்டரி பம்பிலும், புது வண்டிகளின் காமன் ரெயில் பம்பிலும் எல்லாப் பாகத்துக்கும் டீசலே ஆயில். அதாவது, வழவழப்பு குறைந்தால் முதலில் அடிவாங்க வேண்டியது புது வண்டி. தாத்தா காலத்து இன்லைன் பம்பு ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

பழைய வண்டிக்கு உண்மையாகவே வரக்கூடிய சிக்கல் வேறு: ரப்பர். பல வருடம் பழைய டீசலில் ஊறி உப்பிய நைட்ரைல் ரப்பர் சீல்கள், அரோமேட்டிக் வேதிப்பொருள்கள் குறைந்த டீசல் வந்ததும் சுருங்கிக் கசியும். அமெரிக்காவில் 1993-ல் கந்தகம் குறைந்த டீசல் அறிமுகமானபோது, குறிப்பாக கலிஃபோர்னியாவில், இந்தப் புகார் வரிசையாக வந்தது. தீர்வு பாட்டிலில் இல்லை, சீலை மாற்றுவதில் இருக்கிறது. உங்கள் லாரி பம்பைச் சுற்றி ஈரம் தெரிந்தாலோ, காலையில் ஏர் லாக் ஆகி ஹேண்ட் பிரைமரை அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றாலோ முதலில் பார்க்க வேண்டியது ஓ-ரிங், வாஷர், ஹோஸ்.

சிவப்பு, பச்சை, நீலம்: நிறம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டு வீடியோக்களில் சிவப்பு டீசலைப் பார்த்திருப்பீர்கள். அது தனி ரக டீசல் அல்ல. சாலை வரி கட்டாத டீசல், அவ்வளவுதான். அமெரிக்காவில் டிராக்டர், ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு வரியில்லாமல் தரும் டீசலில் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். பிரிட்டனிலும் சிவப்புதான், அங்கே யார் யார் பயன்படுத்தலாம் என்பதை 2022 ஏப்ரலில் இறுக்கிவிட்டார்கள். அயர்லாந்தில் பச்சை. சாலையில் ஓடும் லாரி டேங்கில் அந்தச் சாயம் சிக்கினால் அபராதம்.

இந்தியாவில் சாதாரண டீசலுக்கு இப்படிச் சாயக் கணக்கு இல்லை. வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்து லேசான மஞ்சள் வரை இருக்கும். ரிஃபைனரிக்கு ரிஃபைனரி கொஞ்சம் மாறும், அதற்குப் பயப்பட வேண்டாம். நம் நாட்டில் சாயம் பூசப்பட்டது வேறொன்று. ரேஷன் மண்ணெண்ணெய். அந்த நீலம் நம் எல்லோருக்கும் தெரியும். மானிய விலை மண்ணெண்ணெயை டீசலில் கலந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்பதற்காகத்தான் அந்த நீலம்.

ஆனால் சாயத்தை வடிகட்டி எடுத்துவிட முடியும். இங்கேயும் நடந்தது, அயர்லாந்திலும் நடந்தது. அதனால் 'நிறம் சரியா இருக்கு' என்பது கலப்படம் இல்லை என்பதற்குச் சான்று கிடையாது. நிறத்தை வைத்து நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சமே. கலங்கலாக இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். கருத்துப் போயிருந்தால் பழைய ஸ்டாக்காகவோ டேங்க் அழுக்காகவோ இருக்கலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

கலப்படம்: உயிரையே எடுத்த வியாபாரம்

இது மைலேஜ் பிரச்சினை மட்டும் அல்ல. 2005 நவம்பரில், லக்னோ ஐ.ஐ.எம்.-ல் படித்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கலப்படம் செய்த பங்க் மீது நடவடிக்கை எடுத்ததுதான் காரணம். அவருக்கு வயது 27. 2011 ஜனவரியில் மகாராஷ்டிராவின் மன்மாட் அருகே, எரிபொருள் கலப்படத்தைத் தட்டிக்கேட்ட மாலேகான் கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனவானே உயிரோடு எரிக்கப்பட்டார்.

இப்போது மண்ணெண்ணெய் மானியம் போய், விலை இடைவெளியும் குறைந்துவிட்டது. ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. கலப்படம் அதோடு தீரவில்லை, சரக்கு மாறியது. குஜராத்தில் சில வருடங்களுக்கு முன் தொழிற்சாலை எண்ணெய்களை 'பயோடீசல்' என்று பெயர் சூட்டி, பங்கை விடக் குறைந்த விலைக்கு லாரிகளுக்கு விற்றதும், போலீஸ் சோதனைகளில் டேங்க் டேங்காகப் பிடிபட்டதும் நினைவிருக்கலாம். உண்மையான பயோடீசல் சட்டப்படி விற்கக்கூடியதுதான். அதற்கு 2019-ல் வந்த விதிமுறை இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் ரசீது இல்லாமல் பேரலில் இருந்து ஊற்றுவது அந்த ரகம் அல்ல.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? எல்லோரும் சொல்லும் ஃபில்டர் பேப்பர் டெஸ்ட் பெட்ரோலுக்கானது. டீசல் நல்லதாக இருந்தாலும் பேப்பரில் எண்ணெய்க் கறை படியும், அதனால் இங்கே உதவாது. டீசலுக்கு அடர்த்தி பார்க்க வேண்டும். ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் பங்கில் இருக்கும், கேட்டால் காட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: பதிவேட்டில் இருப்பது 15 டிகிரி செல்சியஸ் கணக்கு. நம்ம ஊர் 35 டிகிரி வெயிலில் நேரடியாக அளந்தால், 830 இருக்க வேண்டிய டீசல் 816 பக்கம் காட்டும். அது மோசடி இல்லை, வெப்பத்தில் விரிந்திருக்கிறது. அட்டவணையை வைத்து 15 டிகிரிக்கு மாற்றிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். லோடு வந்தபோது பதிவான எண்ணில் இருந்து 3 புள்ளிக்கு மேல் விலகினால் சந்தேகம்.

இந்த 3 புள்ளி எவ்வளவு கண்டிப்பானது? 830 அடர்த்தி டீசலில், 800 அடர்த்தி மண்ணெண்ணெயை 20 சதவீதம் கலந்தால் 824 ஆகும், மாட்டிக்கொள்வார்கள். 10 சதவீதம் மட்டும் கலந்தால் 827. கோட்டின் மேலேயே நின்று தப்பித்துவிடலாம். லேசான சரக்கோடு கனமான எண்ணெயையும் சேர்த்துக் கலந்தால் அடர்த்தி அப்படியே நிற்கும். மொத்தத்தில், இந்தச் சோதனை அரைகுறைத் திருடனைப் பிடிக்கும், கைதேர்ந்தவனை லேபில்தான் பிடிக்க முடியும். உங்களிடம் இருக்கும் நல்ல ஆயுதம் ஒரு சாதாரண நோட்டு: எந்த பங்க், எத்தனை லிட்டர், அடுத்த ஃபில் வரை எத்தனை கிலோமீட்டர். மூன்று மாதம் எழுதினால் எந்த பங்கில் மைலேஜ் தட்டுகிறது என்று நோட்டே சொல்லிவிடும்.

பாட்டில் வாங்கலாமா?

கடையில் இருக்கும் ஆடிட்டிவ்களில் பெரும்பாலானவை சீட்டேன் பூஸ்டர், நாசில் கிளீனர் வகை. சீட்டேன் எண் என்பது டீசல் எவ்வளவு சட்டென்று தீப்பிடிக்கும் என்பதன் அளவு. இப்போது பங்க் டீசலில் குறைந்தபட்சம் 51. பி.எஸ்-2 காலத்தில் கேட்டதே 48தான். அந்தக் காலத்து இன்ஜினுக்கு அது எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே இப்போது கிடைக்கிறது. அதற்கு மேல் பூஸ்டர் என்பது, வயிறு நிறைந்தவருக்கு இன்னொரு பந்தி.

கிளீனர் கொஞ்சம் வேறு. கரி பிடித்த நாசிலில் ஓரளவு பலன் தரலாம். ஆனால் நாசில் தேய்ந்து, டீசல் பனிபோலத் தெளிக்காமல் சொட்டாக விழுகிறது என்றால் எந்தத் திரவமும் தேய்ந்த இரும்பை வளர்க்காது. பம்பு-நாசில் கடையில் கழற்றி பிரஷர் செட் பண்ணுவதுதான் வழி. பங்கிலேயே விற்கும் பிரீமியம் டீசலுக்கும் இதே கணக்குதான். 3 சதவீதம் டீசல் குறைவாகச் செலவானால் மேலே சொன்ன 600 லிட்டரில் மிச்சம் 18 லிட்டர், அதாவது 1,620 ரூபாய். அந்த டிரிப்புக்கு ஆடிட்டிவ் செலவு அதைவிடக் குறைவா என்று பாருங்கள். பதில் அங்கேயே கிடைக்கும்.

டூ-டி ஆயில்? பழைய இன்லைன் பம்பு வண்டியில் கொஞ்சமாக ஊற்றினால் பெரிய கெடுதல் இல்லை, ஏற்கெனவே வழவழப்பு சேர்த்த டீசலுக்குப் பெரிய தேவையும் இல்லை. பி.எஸ்-6 வண்டியில் ஊற்றவே கூடாது. அதன் சாம்பல் புகை ஃபில்டரில் போய் அடைக்கும். கழிவு இன்ஜின் ஆயிலை டீசலில் கலக்கும் பழக்கம் எந்த வண்டிக்கும் ஆகாது. அதில் இருக்கும் இரும்புத் துகளே பம்பைத் தின்னும்.

இன்னொரு குழப்பம் டி.இ.எஃப்., அதாவது 'ஆட்புளூ'. பலர் இதையும் ஆடிட்டிவ் என்று நினைக்கிறார்கள். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். புது வண்டியில் தனி டேங்கில் இருந்து புகைக்குழாய்க்குப் போவது. பெயரிலும் மூடியிலும்தான் நீலம், திரவத்துக்கு நிறமே இல்லை. பழைய லாரிக்கு இது தேவையே இல்லை. தெரியாமல் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். டேங்கை முழுக்க இறக்கிக் கழுவிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இல்லையென்றால் யூரியா உப்பு பம்பு வரை போய்ப் படியும்.

வடக்கே போகும் வண்டிக்கு

டிசம்பர், ஜனவரியில் இமாச்சல், காஷ்மீர் பக்கம் லோடு போகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும். இந்தியத் தரத்தில் கோடைக்கால டீசலின் உறைநிலை வரம்பு 15 டிகிரி வரை இருக்கலாம். குளிர்கால டீசலுக்கு 3 டிகிரி. தமிழ்நாட்டில் நிரப்பிய டீசலோடு அங்கே போய் இரவு நிறுத்தினால் காலையில் வண்டி எழாது. டிரைவர்கள் மண்ணெண்ணெய் கலப்பது இதற்காகத்தான். மெழுகு இளகும், கூடவே வழவழப்பும் போகும். அதைவிட, டேங்கைக் காலியாக்கிக்கொண்டே போய் வட மாநிலத்தில் நிரப்புங்கள், அங்கே விற்பது குளிர்கால ரகம். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்காகக் கொண்டுவந்தது. டேங்க் ஏறியதும் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஃபில்டரிலும் லைனிலும் பழைய டீசல் தங்கியிருந்தால் புதுசு டேங்கில் இருந்தும் பிரயோஜனம் இல்லை.