ஏறி இறங்கும் கடலில் சுனாமியைப் பிரித்தறிதல்

சென்னைத் துறைமுகத்தின் கடல்மட்டமானி காட்டும் கோடு ஒருபோதும் நேராக இருப்பதில்லை. சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றவற்றம் அதை மெல்ல உயர்த்தித் தாழ்த்துகிறது. அதன்மேல் அலைகளும், கப்பல் கிளப்பும் நீர்த்தளும்பலும் சிறு நடுக்கங்களாகப் படிகின்றன. 2004 டிசம்பர் 26 காலை 6.29க்குச் சுமத்ரா அருகே கடலடி அதிர்ந்து, சுமார் இரண்டரை மணி நேரத்தில் சுனாமி இந்தக் கோட்டில் ஏறியது. நகரும் அடித்தளத்தின் மேல் இத்தகைய சமிக்ஞை இரைச்சலைவிட எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்பதே சமிக்ஞை-இரைச்சல் விகிதம்.

இரைச்சலின் ஒரு பகுதியைக் கருவியே தடுத்துவிடுகிறது. பழைய வகை மானியில் மிதவை ஒரு செங்குத்துக் குழாய்க்குள் இருக்கும். அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் மெதுவாகத்தான் புகும் என்பதால் சில நொடி அலைகள் உள்ளே தெரிவதில்லை.

மிச்சத்தைக் கணக்கு பார்த்துக்கொள்ள வேண்டும். முழுப் பதிவின் திட்டவிலக்கத்தையே இரைச்சல் என்று எடுத்தால் ஏற்றவற்றமும் அதில் சேர்ந்துவிடும். மேலும் கீழும் 40 செ.மீ. ஆடும் ஏற்றவற்றம் மட்டுமே 28 செ.மீ. விலக்கம் தரும், அதற்கெதிரே 20 செ.மீ. சுனாமியின் விகிதம் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஆகவே முதலில் ஏற்றவற்றத்தைக் கழிக்க வேண்டும். முன்கணிப்பு அட்டவணை இருந்தால் நல்லது. இல்லையேல் நகரும் இடைநிலை அளவு உதவும். அது ஒவ்வொரு முறையும் கணக்கில் எடுக்கும் நேரச் சாளரம் மிகக் குறுகினால் ஆபத்து. சுனாமி அலை ஒன்று அரை மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கக்கூடியது. ஆகவே அரை மணி நேரச் சாளரம் அலையையே அடித்தளமாக எண்ணி விழுங்கிவிடும்.

அடுத்து, அலை வருமுன் இருந்த அமைதியான நேரத்தின் எச்சத்தில், அதாவது ஏற்றவற்றத்தைக் கழித்தபின் மிஞ்சுவதில், இரைச்சலை அளக்க வேண்டும். அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசத்துக்குத் திட்டவிலக்கம் கண்டு √2 ஆல் வகுப்பது எளிய வழி. ஆனால் துறைமுகத் தளும்பல் சில நிமிடங்கள் தொடர்வதால் பக்கத்து அளவுகள் ஒன்றுபோல் அமைந்து, இரைச்சல் குறைத்து மதிப்பிடப்படும். இடைநிலையிலிருந்து ஒவ்வொரு அளவும் விலகும் தூரங்களைக் கண்டு, அவற்றின் இடைநிலையை 1.4826 ஆல் பெருக்குவதே மேல். ஓரிரு தாறுமாறான அளவுகள் இருந்தாலும் அது கலங்காது.

அலை வந்த நேரத்து எச்சத்தில் சமிக்ஞையும் இரைச்சலும் கலந்தே இருக்கும். அதன் திட்டவிலக்கம் 20 செ.மீ., இரைச்சல் 2 செ.மீ. என்றால் வர்க்கங்கள் 400, 4. கழித்தால் 396, 4 ஆல் வகுத்தால் 99, அதாவது ஏறக்குறைய 20 டெசிபல்.

எண்ணூர் முகத்துவாரம் போன்ற தாழ்நிலத்துக்குக் கடல்மட்ட உயர்வே பெரிய கேள்வி. அங்கே கணக்கு தலைகீழாகிறது: ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்வே சமிக்ஞை, ஏற்றவற்றமும் சுனாமியும் இரைச்சல். பல ஆண்டுச் சராசரி எடுத்தால்தான் அது வெளிப்படும். மானி நிற்கும் நிலமே அமிழ்ந்தாலும் கோடு உயரும் என்பதால், கரையிலுள்ள நிலைக்குறிகளோடு அதன் மட்டம் அவ்வப்போது ஒப்பிடப்படுகிறது.